நாற்பத்து மூன்றாவது வரி

"வாழ்த்துகள் சார்! உங்க சர்க்கரை நல்லாக் குறைஞ்சிருக்கு."

கல்லூரி ஆய்வகக் கண்காணிப்பாளர் ஒரு கையில் தொலைபேசியும் மறு கையில் குடுவையுமாக நின்றார். குடுவையைக் கீழே வைத்தார்.

"எனக்குச் சர்க்கரையே கிடையாதும்மா."

"முதல்ல எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. இன்ஷூரன்ஸ் நர்ஸ் பேசுறேன் சார். இந்த வருஷம் புதுசா ஆரம்பிச்ச இலவசப் பரிசோதனைக்கு ரெண்டு மாசத்துக்கு ஒருதரம் வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்கிறேனே! என்ன, குரலே மாறியிருக்கு? சளியா?"

"எந்த வீட்டுக்கு?"

அவள் சொன்ன விலாசம், அவர் ஒரு வருடத்துக்கு முன்பு காலி செய்த வாடகை வீட்டினுடையது.

அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. பதினொரு வருடங்களுக்கு முன்பு எடுத்த ஆயுள் காப்பீடு அது. செத்தால் மட்டுமே பலன் தரும் வகை. உயிரோடிருப்பவருக்கு அதை நினைத்துக்கொள்ள ஒரு காரணமும் இல்லை. தவணையைச் சம்பளத்திலேயே பிடித்துவிடுவார்கள். வீடு மாறும்போது ரத்து செய்துவிடுவதாக இருந்தார். மறந்துவிட்டார்.

மற்றவர்கள் மறந்தால் தலையில் தட்டிக்கொண்டு போய்விடலாம். இவரால் முடியாது. மாணவர்கள் இவருக்கு வைத்திருந்த பெயரே 'பட்டியல்'. வீடு மாறியபோது பால், பேப்பர், எரிவாயு தொடங்கி, பக்கத்து வீட்டுக்குத் திருப்பித் தர வேண்டிய ஏணி வரை நாற்பத்திரண்டு வரி எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தார். சாவியை ஒப்படைப்பது மட்டும் மனைவியின் வேலை. அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு யார் குடிவந்தார்கள் என்பது பட்டியலில் இல்லை.

அந்தப் பட்டியலைப் பார்த்துப் பார்த்து எரிச்சலாகித்தான் மனைவி பந்தயம் கட்டினாள்.

"ஒரு வருஷத்துக்குள்ள நீங்க மறந்தது ஒண்ணே ஒண்ணு வெளிய வரட்டும். மாடி ரூம் என் தம்பிக்கு."

"வரலேன்னா?"

"நீங்களே வெச்சுக்குங்க. கதவைச் சாத்திட்டு ஆயுசு முழுக்கப் பட்டியல் போடுங்க."

மாடி அறையில் வடக்குப் பார்த்த ஜன்னல். நுண்ணோக்கியை எங்கே வைப்பது என்றுகூட அவர் அளந்து வைத்திருந்தார். மைத்துனன் இதே ஊரில்தான் எங்கோ தங்கியிருந்தான். எங்கே என்று அவர் கேட்டதில்லை. கேட்டால், "இங்கயே வந்துடேன்" என்று ஒரு பேச்சுக்காவது சொல்ல வேண்டி வரும்.

வெள்ளிக்கிழமையோடு வருடம் முடிகிறது. இன்று செவ்வாய்.

பல் டாக்டரிடம் போவதாக மனைவியிடம் சொல்லிவிட்டு, அரை நாள் விடுப்பில் காப்பீட்டு அலுவலகத்துக்கு ஓடினார்.

"பாலிசியை ரத்து பண்ணணும். இன்னைக்கே."

"பத்திரம் இருக்கா சார்?" என்றாள் கவுன்ட்டர் பெண்.

பழைய வீட்டுப் பரண் அவர் கண்முன்னே வந்து நின்றது. "இல்லை."

"அடையாள அட்டை?" வாங்கிப் பார்த்தாள். "விலாசம் வேறயா இருக்கே?"

"அதான் வீடு மாறிட்டேனே!"

"மாறினதை எங்ககிட்ட சொல்லலையே. கம்ப்யூட்டர் வேற காலையிலேருந்து படுத்துக்கிடக்கு. ரெக்கார்டு ரூம்லேருந்து ஃபைல் வரட்டும். அதுக்குள்ள எங்க நர்ஸ் உங்களைப் பார்த்து ஆமான்னு சொன்னாப் போதும்."

நர்ஸ் வந்தாள். மேலும் கீழும் பார்த்தாள்.

"இவர் இல்லை. அவர் ஒல்லி. சிரிச்ச முகம். 'சும்மா வர்றதை எதுக்குச் சிஸ்டர் வேணாம்கணும்'னு கையை நீட்டுவார்."

"நானும் சிரிப்பேன்" என்று அவர் சிரித்துக் காட்டினார். நர்ஸ் ஓரடி பின்வாங்கினாள்.

எடை பார்க்கச் சொன்னார்கள். மருத்துவ அட்டையில் அறுபத்து நான்கு. கருவியில் எண்பத்தொன்று.

"போன மாசத்துலேருந்து பதினேழு கிலோவா?"

அவருக்குள்ளிருந்த ஆய்வகம் விழித்துக்கொண்டது. சட்டைக் கையைச் சுருட்டினார். "எடை மாறும். ரத்த வகை மாறாது. எடுங்க!"

எடுத்தாள். கண்ணாடித் துண்டில் மூன்று சொட்டு. அட்டையில் ஓ. கண்ணாடியில் பி. தாம் தாமல்ல என்பதை அவர் அறிவியல் முறைப்படி நிரூபித்துவிட்டார்.

"அந்த வீட்டுல இருக்கானே, அவன்தான் திருடன்! என் பேர்ல ஊசி குத்திக்கிறான்!"

"ஊசி குத்திக்கிறதுக்காக யாராவது திருடுவாங்களா சார்?" என்றாள் கவுன்ட்டர் பெண். வரிசையில் நின்றவர்கள் தங்கள் பைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

அந்த நேரம் பார்த்துக் கைப்பேசி அடித்தது. மனைவி. பல் டாக்டர் நினைவுக்கு வர, நாக்கைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார்.

"ழொல்லு."

"மரத்துப் போச்சாங்க? பாவம். ஒண்ணுமில்லை, சனிக்கிழமைக்குள்ள மாடி ரூமைக் கழுவி விட்டுடலாம்னு பார்க்கிறேன்."

அவர் நெஞ்சு நிமிர்ந்தது. தோல்வியை ஒப்புக்கொள்கிறாள்! இந்தச் சனியனை மட்டும் இன்றைக்குள் ரத்து செய்துவிட்டால் போதும்.

"ழரி, ழரி. நல்லாக் கழுவு."

திரும்பினால், கவுன்ட்டர் பெண் நர்ஸின் காதில் சொல்லிக்கொண்டிருந்தாள்: "குரலையும் மாத்துறான்டி. செக்யூரிட்டியைக் கூப்பிடு."

வாசல் காவலர் வந்து அவர் முழங்கையைப் பிடித்தபோது, ரெக்கார்டு ரூம் ஊழியர் மூச்சு வாங்கப் படியேறி வந்தார். கையில் ஃபைல்.

"அதைத் திறங்க!" என்று கத்தினார் பட்டியல். "அதுல என் கையெழுத்து இருக்கு. ரத்து பண்ணிக் கொடுங்க, நான் போயிடறேன்!"

ஊழியர் ஃபைலைப் புரட்டினார்.

"இது போன வாரமே ரத்தாயிடுச்சேம்மா. பரண்ல கிடந்துச்சுன்னு பத்திரத்தை அவரே கொண்டுவந்து கொடுத்துட்டாரு. சனிக்கிழமை அக்கா வீட்டு மாடி ரூமுக்குக் குடி போறாராம். 'வீடு மாறும்போது எதையும் மறந்துடாதேடா'ன்னு அந்த அக்காதான் சொல்லி அனுப்பினாங்களாம்."