ஒரு பொன்னாடையும் ஏழு பதக்கங்களும்

“ஊதா இதயமெண்டு ஒரு மெடல் இருக்கப்பா. சண்டையிலை காயப்பட்ட ஆக்களுக்குத்தான் அமெரிக்கா குடுக்குமாம். வால்டரிட்டை ரெண்டு இருக்கு!”

பிலேந்திரனுக்குப் புட்டு தொண்டையில் நின்றது.

“வெடிபட்டதுக்கு மெடலெண்டால் யாழ்ப்பாணத்திலை ஆடு மாட்டுக்கும் குடுக்கவேணும்,” என்றான்.

மனைவி சிவமலர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒஸ்லோ நகரசபையின் வீட்டு உதவியாளராக வாரத்தில் இரண்டு நாள் வால்டரின் வீட்டைக் கூட்டித் துடைக்கப் போகிறவள் அவள். வால்டர், நோர்வேக்காரியைக் கட்டி இங்கேயே தங்கிவிட்ட அமெரிக்கர். கொரியப் போரில் காயப்பட்ட இருவரைச் சுமந்துகொண்டு மலையிறங்கி, துணிவுக்குத் தரும் வெள்ளி நட்சத்திரமும் வாங்கியவர். எந்தப் படைப்பிரிவு, எந்த மாதம், எந்தக் காலில் குண்டு என்பதெல்லாம் இராச்சாப்பாட்டோடு சேர்த்துப் பிலேந்திரனுக்குப் பரிமாறப்பட்டு வந்தது.

“ஆளுக்கு என்ன வயசு?”

“எழுபத்திநாலு. ஆனால் நடையைப் பாக்கோணும். உங்களை மாதிரிக் கூனிக்கொண்டே திரியிறார்?”

பதினைந்து வருடம் ட்ராம் ஓட்டிய முதுகு அன்றிரவு முழுக்க நிமிர்ந்தபடியே படுத்திருந்தது.

மறுநாள் அலுமாரிக்கு மேலே கிடந்த கோப்பை ஒன்றைத் தேடியெடுத்துத் தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேல் வைத்தான்.

“அட, இது எப்ப வெண்டனீங்கள்?”

“முந்தி. தமிழ்ச் சங்கத்திலை. கரம் போர்ட் போட்டி.” அலட்சியமாகச் சொன்னான்.

“நல்லாக் கறுத்துப் போச்சு. வால்டரின்ரை மெடல் மினுக்கிற மருந்து கொஞ்சம் கிடக்கு, தாங்கோ.”

மினுக்க மினுக்க எழுத்துத் தெரிந்தது: இரண்டாம் இடம்.

“எத்தினை பேர் விளையாடினவை?”

“அண்டைக்குச் சரியான ஸ்னோ,” என்றான் பிலேந்திரன்.

இனிச் சில்லறை வேலை சரிவராது. சங்கத் தலைவர் றெஜினோல்டைப் பிடித்தான்.

“மச்சான், பதினைஞ்சு வருசமா ஒரு கீறல் விழாமல் ட்ராம் ஓட்டுறன். ஆண்டு விழாவிலை எனக்கொரு பொன்னாடை போடக்கூடாதோ?”

“போடலாம். பொன்னாடையை நீயே கொண்டுவா.”

பக்கத்து நகரமான லில்லெஸ்ட்ரோம் வரை போய், சரிகை அகலமானதாகப் பார்த்து வாங்கி வந்தான். செய்தி கேட்டுச் சிவமலரின் கண் கலங்கிவிட்டது.

“இதை வால்டரும் பாக்கோணும்!” என்றவள், அவரை அழைத்தும் விட்டாள்.

விழாவுக்கு வால்டர் வந்தார், மனைவி இங்ரிட்டோடு. மார்பில் ஏழு பதக்கங்கள். நடக்க நடக்கக் கிணுகிணுத்தன. வடை கடித்துக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்து நின்றார்கள்.

வெள்ளைக்காரர் ஒருவர் மண்டபத்துக்குள் கால் வைத்தால், அவரை முன்வரிசையில் இருத்தி, மேடையேற்றிக் கௌரவித்த பிறகுதான் எங்கள் சங்கங்களுக்கு மூச்சு வரும். றெஜினோல்ட் பொன்னாடையைப் பார்த்தார். இருந்தது ஒன்று.

“குறை நினையாதை மச்சான். விருந்தாளியெல்லே!” என்று பிலேந்திரனின் காதுக்குள் சொல்லிவிட்டு, அதை வால்டரின் தோளில் போர்த்தினார். பிறகு ஒலிவாங்கியைப் பிடித்தார்.

“எங்கடை சிறப்பு விருந்தினரைப் பற்றி ஆருக்காவது தெரியுமோ?”

“இவருக்கு எல்லாம் தெரியும்!” சிவமலர் கணவனின் கையைப் பிடித்து உயர்த்தினாள்.

வேறு வழியில்லை, ஏறினான். படைப்பிரிவு, மலை, மாதம், சுமந்த இருவர், குண்டு பட்ட கால், எதுவும் பிசகாமல் ஒப்புவித்தான். கைதட்டலில் மண்டபம் அதிர்ந்தது. அவனுடைய பொன்னாடைக்குள் நின்ற வால்டர் மட்டும் ஏனோ அவனை மேலும் கீழும் முறைத்துப் பார்த்தார்.

தேநீர் மேசையருகே தனியே நின்றவனிடம் இங்ரிட் வந்தாள். நோர்வேஜிய மொழியில் மெதுவாகக் கேட்டாள்.

“சிவமலரை ஊரிலிருந்து இங்கே கூப்பிடுவதற்காக நோர்வேயின் வடக்கே நாலு குளிர்காலம் மீன் வெட்டிய பிலேந்திரன் நீங்கள்தானே?”

“நான்தான். உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“உங்கள் மனைவி எங்கள் வீட்டுக்குள் கால் வைத்த நாளிலிருந்து உங்கள் புகழ்தானே! அது பொறுக்காமல்தான் இந்த மனுசன், ஐம்பது வருசமாக நிலவறையில் கிடந்த பதக்கங்களை வெளியே எடுத்தார்.”