முற்றுப்புள்ளியின் ஐம்பது சுற்று

தெரு கூட்டும் வண்டி ஒன்று, காரில் போய்க்கொண்டிருந்த நம்மவரை முந்திக்கொண்டு போனது. சும்மா போகவில்லை. கூட்டிக்கொண்டே போனது.

அச்சக வாசலில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த இயந்திரக்காரர் அதைப் பார்த்துவிட்டார். அவர் பார்த்தால் போதும். பத்தே நிமிஷத்தில் செய்தி அச்சகம் முழுக்கப் பரவியது. அச்சடித்திருந்தால்கூட அவ்வளவு சீக்கிரம் பரவியிருக்காது.

நம்மவருக்கு அந்த அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. இருபது வருஷமாக அடுத்தவர் பிழையில்தான் அவர் பிழைப்பு. கார் ஓட்டும்போதும் அதே கவனம். ஒவ்வொரு முச்சந்தியிலும் நிறுத்துவார். இடம் பார்ப்பார், வலம் பார்ப்பார், முதலில் பார்த்த இடம் சரியாகத்தான் இருந்ததா என்று இன்னொரு தடவை பார்ப்பார். பின்னால் வருகிறவர் ஹாரன் அடித்தால் ஒதுங்கி வழிவிட்டு, கையைத் தூக்கி நன்றியும் சொல்வார். அதனால் அச்சகத்தில் அவருக்கு 'முற்றுப்புள்ளி' என்று பெயர். அவர் வந்து நின்றுவிட்டால் அதற்கு மேல் எதுவும் நகராது.

"என்ன முற்றுப்புள்ளி சார், குப்பை வண்டி முந்திடுச்சாமே?" என்றார் இயந்திரக்காரர்.

"குப்பை வண்டி இல்ல. கூட்டற வண்டி," என்று திருத்தினார் முற்றுப்புள்ளி. தொழில் புத்தி.

"அப்படியா! உங்களையும் கூட்டிட்டுப் போகலாம்னு பாத்திருக்கும்."

சிரிப்புச் சத்தத்தில் இயந்திரச் சத்தம் அமுங்கிப்போனது. முற்றுப்புள்ளிக்குக் காது மடல் சிவந்தது. மேஜையில் அன்றைக்குத் திருத்த வேண்டிய துண்டுப் பிரசுரம் கிடந்தது. 'பொழுதுபோக்கு ஓட்டுநர்களுக்கான கார்ப் பந்தயப் பள்ளி. மூன்று நாள் பயிற்சி. நீங்களும் பறக்கலாம்!' அதைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"சிரிங்க, நல்லா சிரிங்க. அடுத்த மாசம் நான் இதுல சேரப்போறேன். மணிக்கு நூத்தி அறுபது. அப்புறம் பாருங்க யாரு யாரை முந்தறதுன்னு!"

சிரிப்பு நின்றது. இயந்திரமும் நின்றது. அந்த நிசப்தம் அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அந்தச் சூட்டோடு சூடாக விண்ணப்பத்தையும் நிரப்பினார். நடுவில் ஒரு கட்டம். 'பந்தயத் தடத்தில் முன் அனுபவம் உண்டா? எத்தனை சுற்று?' பேனா ஒரு வினாடி தயங்கியது. பிறகு 'உண்டு, ஐம்பது' என்று எழுதிவிட்டது. உறையை ஒட்டி, தபால் பெட்டியிலும் போட்டாயிற்று.

வீட்டுக்கு வரும் வழியில்தான் மனசு அரிக்க ஆரம்பித்தது. ஊரார் பிழையெல்லாம் திருத்துகிறவர் தன் கையாலேயே ஒரு பொய்யை எழுதி அனுப்பிவிட்டாரே! அடித்துத் திருத்தலாம் என்றால் தாள் கையில் இல்லை. இனி ஒரே வழிதான். அந்தப் பொய்யை உண்மையாக்கிவிட வேண்டும். பள்ளிக்குப் போவதற்குள் ஐம்பது சுற்று ஓட்டியாக வேண்டும்.

ஊர்க் கோடியில் கூரை ஓட்டுக் கிடங்குக்குப் பின்னால் ஒரு கோ-கார்ட் தடம் இருந்தது. தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் ஓடும் குட்டி வண்டிகள். கட்டணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் சுற்றலாம்.

வீட்டில் என்ன சொல்வது? அவர் மனைவி பெரிய ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவு வார்டின் தலைமை நர்ஸ். வார்டில் அவர் நடந்துவரும் சத்தம் கேட்டாலே உடைந்த எலும்பு பாதி சேர்ந்துவிடும் என்று டாக்டர்களே சொல்வார்கள்.

"சனிக்கிழமை சாயங்காலம் எல்லாம் எனக்கு வேலை இருக்கு. ஒரு பெரிய அகராதி வந்திருக்கு. திருத்திக் கொடுக்கணும்," என்றார்.

"அகராதியா? சரி," என்றார் மனைவி. அந்தச் 'சரி'யில் எதுவும் தப்பாகத் தெரியவில்லை. அப்போதே அவர் சுதாரித்திருக்க வேண்டும்.

முதல் சனிக்கிழமை. வண்டிக்குள் அவர் உட்கார்ந்ததும் முழங்கால் இரண்டும் காதுக்கு வந்துவிட்டன. தலைக்கவசத்துக்குள் தன் மூச்சே யாரோ துரத்துகிற மாதிரி கேட்டது. தடத்தை நடத்துகிறவர் ஒரு வழுக்கைத் தலைக்காரர். கையில் எப்போதும் கொடி வைத்திருப்பார். முற்றுப்புள்ளி ஒவ்வொரு தடவை கடக்கும்போதும் அவர் நீலக் கொடியை ஆட்டினார். என்ன மரியாதையான மனுஷர் என்று நினைத்து முற்றுப்புள்ளியும் பதிலுக்குக் கை ஆட்டினார்.

பன்னிரண்டு சுற்று முடிந்து இறங்கியதும் கொடிக்காரர் ஓடி வந்தார்.

"சார், நீலக் கொடி காட்டினா பின்னால வர்றவருக்கு வழி விடணும்னு அர்த்தம்."

"ஓ! நான் வணக்கம் சொல்றீங்கன்னு நினைச்சேன்."

"எனக்குக் கை வலியே வந்துடுச்சு சார். இன்னொண்ணு. வளைவுல டயர் அடுக்கைப் பாக்காதீங்க. எங்க போகணுமோ அங்க பாருங்க. டயரைப் பாத்தா டயருக்குத்தான் போவீங்க."

பதினெட்டு வருஷமாக வீட்டில் வளைந்து கொடுத்தே பழகியவருக்குத் தடத்தில் மட்டும் வளையவே வரவில்லை.

"அகராதி எந்த அளவுல இருக்கு?" என்று அன்றிரவு சாப்பாட்டில் மனைவி கேட்டார்.

"'அ' முடிஞ்சுது."

இரண்டாவது சனிக்கிழமை கொஞ்சம் துணிச்சல் வந்திருந்தது. பதினைந்தாவது சுற்றில் ஒருவரை முந்தக்கூட முந்தினார். அந்த ஆள் வண்டி பழுதாகி நின்றிருந்தார் என்பது வேறு விஷயம். அந்தக் குஷியில் காலை அழுத்தினார். எதிரே வளைவு. வளைவில் டயர் அடுக்கு. அதன்மேல் ஒரு பலகை. 'இங்கே மெதுவாக போகவும்.'

வேறு யாராக இருந்தாலும் மெதுவாகப் போயிருப்பார்கள். முற்றுப்புள்ளியின் கண் அந்தப் பலகையிலேயே ஒட்டிக்கொண்டது. 'மெதுவாக'வுக்கும் 'போகவும்'முக்கும் நடுவில் 'ப்' எங்கே?

'டப்!'

'ப்' வந்துவிட்டது.

டயர்கள் நாலாபுறமும் உருண்டன. அவருக்கு அடி ஒன்றும் பெரிதில்லை. இடுப்பில் ஒரு உள்காயம், அவ்வளவுதான். ஆனால் உள்ளே ஏதோ ஒன்று கழன்று விழுந்துவிட்டது. இது முப்பது வேகம். அங்கே நூற்று அறுபது. பிழை திருத்துகிற மனுஷன் முதலில் பிழைத்து இருக்க வேண்டாமா?

"இந்த வாரம் எந்த எழுத்து?" என்றார் மனைவி.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "ஆ!"

மூன்றாவது சனிக்கிழமையும் போனார். எழுதிக் கொடுத்த ஐம்பதை முடிக்காமல் விட அவர் மனசு கேட்கவில்லை. நடந்து போகிற வேகத்தில் சுற்றி ஐம்பதையும் முடித்தார். கொடிக்காரர் அத்தாட்சிச் சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, "ஐம்பது சுத்துக்கு இவ்வளவு நேரம் எடுத்த ஆள் இந்தத் தடத்துல வேற யாரும் இல்ல சார்," என்று கையைக் குலுக்கினார்.

அனுபவம் கிடைத்துவிட்டது. பந்தயப் பள்ளிக்குப் போகவே கூடாது என்பதுதான் அந்த அனுபவம். ஆனால் அச்சகத்தில் எந்த முகத்தோடு சொல்வது? யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். மனைவிக்கு விஷயம் தெரியவேண்டும். தெரிந்தால் சத்தம் போடுவார், அழுவார், போகக் கூடாது என்று சத்தியம் வாங்குவார். நாம் பெருமூச்சு விட்டு, 'என்ன பண்றது, வீட்ல விடமாட்டேங்கறாங்க' என்று சொல்லிவிடலாம். கல்யாணமான எந்த ஆணும் அதற்கு மேல் கேள்வி கேட்க மாட்டான்.

அத்தாட்சிச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துச் சட்டையை அழுக்குக் கூடையில் போட்டார். மறுநாள் சட்டை துவைத்துக் காய்ந்தது. சீட்டு பத்திரமாக அவர் மேஜையில், காற்றில் பறக்காமல் கண்ணாடிக் குண்டின் அடியில் இருந்தது. ஒரு வார்த்தை இல்லை.

புதுத் தலைக்கவசம் வாங்கி வந்து சோபாவின் நட்டநடுவில் வைத்தார். மனைவி அதை நகர்த்தி வைத்துவிட்டு உட்கார்ந்து பேப்பர் படித்தார்.

வேறு வழியில்லாமல் வாயைத் திறந்தார். "நான் கார் ரேஸ் பள்ளிக்கூடத்துல சேந்திருக்கேன். அடுத்த திங்கள் கிளம்பறேன்."

"அப்படியா? போயிட்டு வாங்க."

"நூத்தி அறுபது வேகம்!"

"நல்லதுதானே. சீக்கிரம் வந்துடலாம்."

"ஏம்மா, அது ஆபத்தும்மா."

"எதுலதான் ஆபத்து இல்ல? எங்க வார்டுல ஒருத்தர் காலுறை போடும்போது விழுந்து இடுப்பை ஒடைச்சுக்கிட்டார். நீங்க ஒடைச்சுக்கிட்டாலும் ஒரு கௌரவமா இருக்கும்."

அதோடு விட்டாரா? மறுநாள் அவருடைய சட்டைகளில் எல்லாம் சிவப்பு நூலால் ரத்த வகை தைத்திருந்தது. அதற்கடுத்த நாள் அளவு நாடாவோடு வந்தார்.

"கொஞ்சம் நேரா நில்லுங்க."

"எதுக்கு? பந்தய உடுப்புக்கா?"

"ஊன்றுகோலுக்கு. அக்குள் உயரம் தெரிஞ்சா இப்பவே சரிபண்ணி வெச்சுடுவேன்."

"ஊன்றுகோலா!"

"ஆறாம் நம்பர் கட்டிலையும் சொல்லி வெச்சிருக்கேன். ஜன்னலோரம். நல்லா காத்து வரும். கால் மேல தொங்கினாலும் வெளியே மரத்தைப் பாத்துக்கிட்டே இருக்கலாம்."

அந்த வாரம் முழுக்க முற்றுப்புள்ளிக்குச் சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை வந்துவிட்டது. ஒன்பது மணிக்குப் பெட்டியோடு கூடத்தில் நின்றார். மனைவி சமையலறையிலிருந்து வந்து, "கவசம் எடுத்துக்கிட்டீங்களா? பஸ்ஸுக்கு நேரமாச்சே," என்றார்.

முற்றுப்புள்ளி பெட்டியைக் கீழே வைத்தார். அதன்மேலேயே உட்கார்ந்தார்.

"ஒரே ஒரு வார்த்தை 'வேண்டாம்'னு சொல்லேன்."

"நான் ஏன் சொல்லணும்?"

"சொன்னா என்ன?"

"சொன்னா அறுபது வயசு வரைக்கும், 'இவ மட்டும் விட்டிருந்தா நான் பெரிய பந்தயக்காரன் ஆகியிருப்பேன்'னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிவீங்க. அந்தப் பழி எனக்கு எதுக்கு? சொல்றதை நீங்க சொல்லுங்க. உங்க வாயால."

அவர் தரையைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். எங்கேயும் பலகை இல்லை.

"பயமா இருக்கும்மா," என்றார்.

சொன்ன கையோடு ஒரு மாசப் பாரம் தோளிலிருந்து இறங்கியது. சிரிப்பு வந்தது. பார்த்தால் மனைவியும் அப்படியே பக்கத்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார்.

"அப்பாடா! எங்கே நிஜமாவே கிளம்பிடுவீங்களோன்னு நானும் நடுங்கிட்டேன். ரத்த வகை தைக்கும்போது எத்தனை தடவை விரல்ல குத்திக்கிட்டேன் தெரியுமா? இங்க பாருங்க."

விரலைப் பிடித்துப் பார்த்தார். நாலைந்து புள்ளிகள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

மனைவி கைபேசியை நீட்டினார். பள்ளிக்கு முற்றுப்புள்ளியே பேசினார். வரமுடியவில்லை என்று இழுத்து இழுத்துச் சொல்லி, அந்த ஐம்பது சுற்று விஷயத்தையும் மறைக்காமல் ஒப்புக்கொண்டார்.

"அந்தக் கட்டமா சார்? அது சும்மா ஒரு தகவலுக்கு. முன் அனுபவம் ஒண்ணும் தேவையில்ல," என்றது எதிர்முனைக் குரல். "நீங்க வரலேன்னாலும் பரவாயில்ல. பாதிப் பேர் கிளம்பற நாள் காலைலதான் இப்படி போன் பண்ணுவாங்க. அதை எடுக்கறதுக்குன்னே ஒரு ஆள் போட்டிருக்காங்க. நான்தான் அது."

முற்றுப்புள்ளி வாய்விட்டுச் சிரித்தார். உலகத்தில் எத்தனை நல்லவர்கள்! சட்டைப் பொத்தானைத் தளர்த்திக்கொண்டு சோபாவில் சாய்ந்தார். மூன்று நாள் லீவு. வீடு. காற்றாடி. அசையாத தரை.

"ஒரு தேநீர் குடும்மா. நிம்மதியா குடிச்சுட்டு ஒரு தூக்கம் போடறேன். அச்சகத்துல என்ன சொல்றதுன்னு வியாழக்கிழமை யோசிச்சுக்கலாம்."

"அதை நான் போன வாரமே சொல்லிட்டேன்."

"என்ன சொன்னே?"

"அவர் எங்கேயும் போகமாட்டார், கிளம்பற அன்னிக்குக் காலைல பயந்து நின்னுடுவார்னு உங்க மேலாளர்கிட்ட சொன்னேன்."

அவர் சாய்ந்திருந்த இடத்திலிருந்து நிமிர்ந்தார். "அவர் என்ன சொன்னார்?"

"அவரும் அப்படித்தான் நினைச்சாராம். அதனால உங்க லீவுல கையெழுத்தே போடலையாம். பத்து மணிக்கு வந்துடச் சொன்னார். இப்பவே ஒன்பதே முக்கால், கொஞ்சம் வேகமா ஓட்டிட்டுப் போங்க."