அவதானம் அண்ணையின் கடைசி வசனம்

கொழும்பு மாநகரில் ஒரே நாளில் ஆகக் கூடுதலான தடவைகள் மேடையேறிய நடிகர் யார் என்று எவரேனும் என்னை வினவினால், நான் ஒரு கணமும் தயங்க மாட்டேன். நாடக அரங்குகளைச் சுட்ட மாட்டேன். தொலைக்காட்சி நிலையங்களையும் சுட்ட மாட்டேன். வெள்ளவத்தையில், கடலை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையின் கடைசியில் நிற்கும் எங்கள் ஐந்து மாடிக் குடியிருப்பைச் சுட்டுவேன். அதன் லிப்டைச் சுட்டுவேன். அந்த லிப்டுக்குள் ஒலித்த குரலின் சொந்தக்காரரான அவதானம் அண்ணையைச் சுட்டுவேன்!

பெற்றோர் இட்ட பெயர் ஒன்று அவருக்கும் இருந்திருக்க வேண்டும். எங்களுக்கு அது தேவைப்படவில்லை. "கதவு மூடப்படுகின்றது. அவதானம்" என்று நாள் முழுதும் எங்களை எச்சரித்தவரை வேறு எப்படித்தான் அழைப்பது? மேடையில் வாயிற்காவலன், சின்னத்திரையில் கூட்டத்தில் ஒருவன் என்று காலம் தள்ளியவருக்குக் கிடைத்த ஒரே கதாநாயக வேடம் அது. லிப்ட் பொருத்தியவர்கள் தமிழ்க் குரல் தேடியபோது, கீழ்த் தளத்திலேயே குடியிருந்த நடிகர் அவர்களிடம் அகப்பட்டுக்கொண்டார். மாடிகளின் பெயர்கள், கதவு திறத்தல், கதவு மூடல், இவற்றோடு ஓர் அவசர வசனம்: நாடகம் அவ்வளவே.

அந்த அவ்வளவையும் அவர் நடித்துத் தள்ளியிருந்தார். முதலாம் மாடியில் உற்சாகம். இரண்டாம் மாடியில் சிறியதோர் ஐயம். மூன்றாம் மாடியில், சபையோரே, சொல்லொணாத் துயரம்!

மூன்றாம் மாடியில் வசித்த பரீதா ராத்தா ஒருநாள் அவரை வாசலிலேயே மறித்தார். "என்ன தம்பி, எங்கட மாடியச் சொல்லக்குள்ள மட்டும் மையத்து ஊட்டு ஒப்பாரி மாதிரி ஈக்கிது?"

"அதில்லை ராத்தா, நாடகம் எண்டால் நடுவில ஒரு உடைவு வரவேணும்."

"அப்ப அஞ்சாம் மாடிக்குப் போய் உடைங்களேன்!"

ஐந்தாம் மாடிக்காரனாகிய நான் மெல்லப் படிப்பக்கம் நழுவினேன்.

மாலை வேளைகளில் அண்ணை எந்த அலுவலும் இன்றி லிப்டில் ஏறி இறங்குவார். ரசிகர்களின் முகங்களைப் படிக்க வேண்டுமாம். உள்ளே எவரேனும் கைபேசியில் கதைத்தால், "நடிப்பு நடக்கேக்க கதைக்கக் கூடாது" என்று கண்டிப்பார். ஒருநாள் எனக்கு விளக்கினார்: "தம்பி, காலி வீதியில போற சனம் ஒண்டும் தலையை நிமித்தாது. எல்லாம் போனுக்குள்ள. லிப்டுக்குள்ள வந்தாத்தான் மேல இலக்கத்தைப் பாக்கும். கொழும்பில ஒரு நடிகனை அண்ணாந்து பாக்கிற இடம் இது ஒண்டுதான்."

ஆனால் அவரை ஒரு குறை அரித்துக்கொண்டே இருந்தது. லிப்ட் நடுவழியில் நின்றால் மட்டுமே, அதுவும் மின்கலத்தில், ஒலிக்கும் அந்த அவசர வசனத்தை ஒருவரும் கேட்டதில்லை. எங்கள் பாழாய்ப்போன லிப்ட் ஒருபோதும் பழுதடையவில்லை. "அதுதான் தம்பி என்ர ஆகச் சிறந்த நடிப்பு. கேக்க ஒரு சனமில்லை" என்று பெருமூச்செறிவார்.

பிறகு வந்தது புகழ்! இரண்டாம் மாடி மாணவி ஒருத்தி, "கொழும்பின் மிகச் சோகமான லிப்ட்" என்று ஒரு காணொளியை ஏற்றிவிட்டாள். நாட்டையே அது ஒரு சுற்றுச் சுற்றியது. "மூன்றாம் மாடி" என்ற அழுகுரலுக்கு எவனோ பறை சேர்த்தான். எவளோ நடனம் சேர்த்தாள். "அண்ணை, கேட்டு அழுதிட்டன். ஆனா நான் இருக்கிறது தனி வீடு" என்று ரொறன்ரோவிலிருந்து ஒருவர் எழுதினார். அண்ணை ஒவ்வொருவருக்கும் பதில் வரைந்தார். "வாயை மூடும்" என்று வைதவனுக்கும், "தங்கள் மேலான கருத்துக்கு நன்றி" என்றே எழுதினார்.

விளைவு? இரத்மலானையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் இளையோர் திரண்டு வந்து எங்கள் லிப்டில் ஏறிக் காணொளி எடுத்தார்கள். நாங்களோ மரக்கறிப் பைகளோடு படியேறினோம். குடியிருப்போர் சங்கத் தலைவரான எஞ்சினியர் ஐயா கொதித்தார். "இது வீடோ, கார்னிவலோ? குரலை மாத்துறதுதான் ஒரே வழி. ஞாயிறு கூட்டம்!"

அன்று மாலை அண்ணை என் கதவைத் தட்டினார். பல்கலைக்கழக விவாத அணியின் தலைவன் நான் என்பதை அவர் மறந்திருக்கவில்லை.

"நீர்தான் கதைக்கவேணும் தம்பி. மாடிப் பேரெல்லாம் போகட்டும். அந்தக் கடைசி வசனத்தை ஒருத்தரும் கேக்க முதலே அழிக்கப் போறாங்கள்."

நான் உரை தயாரித்தேன். எத்தகைய உரை! முன்னுரையிலேயே எதிரணி மண்ணைக் கவ்வியிருக்கும்.

ஞாயிறு மாலை கீழ்த் தளத்தில் எல்லோரும் கூடியிருந்தோம். தலைவர் மட்டும் வரவில்லை. திடீரென மின்சாரம் நின்றது. ஜெனரேற்றரும் இருமிவிட்டு ஓய்ந்தது. காவலாளி சிங்களத்தில் கத்திக்கொண்டு ஓடி வந்தார். "அய்யே, லிப்ட் ஹிரவெலா!" லிப்ட் நடுவில் சிக்கிவிட்டதாம். உள்ளே எஞ்சினியர் ஐயா.

படிகளில் பாய்ந்தோம். மூன்றாம் மாடியை அடைந்தபோது, மூடிய கதவுக்கு அப்பால், மேலேயிருந்து அந்தக் குரல் ஒலித்தது: "பதற வேண்டாம். உதவி வந்துகொண்டிருக்கின்றது."

நடிப்பே இல்லை. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் நெற்றியில் கை வைத்துச் சொல்வது போல், அத்தனை மெதுவாக. அண்ணையின் முகம் மலர்ந்தது. கதவிடுக்கில் வாய் வைத்து அவரும் சொன்னார்: "பதற வேண்டாம். உதவி..."

"மனுசா! இதைத்தானே உள்ளுக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறீர்! ஆளைக் கூப்பிடும்!" என்று உள்ளேயிருந்து தலைவர் கத்தினார்.

காவலாளி ஆளைக் கூப்பிட ஓடினார். பிறகு, நாங்கள் ஒருபோதும் கேட்டிராத ஒரு சின்னக் குரலில் தலைவர் சொன்னார்: "அவதானம்... போயிடாதையும். எனக்கு இருட்டு ஒத்துவராது."

அண்ணை அங்கேயே சப்பணமிட்டு அமர்ந்தார். காலி வீதி பஸ்காரரின் கூச்சலை நடித்துக் காட்டினார். தன்னை வைதவர்களின் கருத்துகளை நாட்டுக்கூத்து இராகத்தில் பாடினார். உள்ளேயிருந்து முதலில் ஒரு செருமல், பிறகு ஒரு சிரிப்பு. அவசர வசனம் ஒலித்தபோதெல்லாம் அண்ணை பேச்சை நிறுத்தி, அது முடியும்வரை மரியாதையாகக் காத்திருந்தார். சக நடிகனை இடைமறிக்கக் கூடாதல்லவா?

ஒருவழியாக மின்சாரம் வந்தது. லிப்ட் இறங்கியது. "மூன்றாம் மாடி" என்று லிப்ட் விம்ம, வியர்வையில் குளித்தபடி தலைவர் வெளியே வந்தார்.

"இண்டைக்குத்தான் அது பொருத்தமா ஈக்கிது" என்றார் பரீதா ராத்தா.

கூட்டம் அந்தப் படிக்கட்டிலேயே நடந்தது. நான் எழுந்தேன். "தலைவர் அவர்களே..."

"தம்பி, நீர் இரும்" என்றார் தலைவர். "மாடிக்கும் கதவுக்கும் புதுக் குரல். வேற வழியில்லை. ஆனா அந்தக் கடைசி வசனத்தில ஒருத்தனும் கை வைக்கக் கூடாது."

என் உரை சட்டைப்பையிலேயே மாண்டது. அண்ணையோ என் தோளை உலுக்கி உலுக்கி, "கேட்டார் தம்பி! முழுசாக் கேட்டார்!" என்று குதித்தார்.

இப்போது அண்ணை இங்கிருந்து பெயர்ந்து கொட்டாஞ்சேனையில், லிப்ட் இல்லாத ஒரு வீட்டில் வசிக்கிறார். இங்கே ஒரு பெண்குரல் பிழையின்றி மாடிகளை அறிவிக்கிறது. எவரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. ஆயினும் நான் தனியே மேலேறும்போது மின்விளக்கு ஒருமுறை கண்சிமிட்டினால் போதும். விரலை அவசரப் பொத்தானுக்குக் கொண்டுபோகாமல், லிப்ட் நின்றுவிடாதா என்று ஒரு கணம் காது கொடுத்து நிற்கிறேன்.