ஸ்டேட்டஸில் நீட்டிய தாம்பாளம்

கூச்சப்படுகிற பெண்ணைப் பார்த்தால் எங்கள் பக்கத்தில் "ரொம்ப அடக்கம்" என்பார்கள். அதை நம்பாதீர்கள். அறுபது வருஷம் கூச்சப்பட்டவள் சொல்கிறேன், அதில் பாதி சோம்பேறித்தனம். (மீதிப் பாதி பயம். அடக்கம் எங்கேயும் கிடையாது.)

நான் அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் படித்தவள். எழுதப் படிக்க நன்றாகவே வரும். ஆனால் ஒரு வீட்டு வாசலில் நின்று, "எங்க வூட்ல விசேஷம், வந்துடுங்க" என்று வாய் திறந்து சொல்வது மட்டும் என்னால் ஆகவே ஆகாது. கல்யாணமான நாளிலிருந்து அழைப்பு வைக்கப் போகும்போதெல்லாம் என் வீட்டுக்காரரும் அவருடைய அக்காவும் முன்னே நடப்பார்கள். பேச்செல்லாம் அவர்கள்தான். நான் பின்னால் தட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி நிற்பேன். பட்டுப்புடவை கட்டிய ஸ்டூல் மாதிரி.

அப்படிப்பட்டவள் கையில் டச் போனைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதுதான் இந்தக் கதை. நடந்து நாலைந்து வருஷம் இருக்கும்.

அப்போதே எங்கள் வீட்டில் எல்லோரும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தாலும், போனுக்குள் ஆளுக்கு ஒரு தெருவில் குடியிருந்தோம். பெரிய பையன் சேகருக்கு ஃபேஸ்புக். நாற்பது தாண்டியவன். ஏரி நிரம்பினாலும், அவன் பைக் பஞ்சரானாலும் அதில் நாலு பத்தி எழுதிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பான். சின்ன மருமகள் ரேவதிக்கு இன்ஸ்டா. இரண்டு பேருக்கும் சோறு தின்னும்போது சண்டை வரும்.

"ஃபேஸ்புக்ல இப்போ யாரு மாமா கீறாங்க? எங்க ஹெட்மாஸ்டர் கீறாரு, நீங்க கீறீங்க" என்பாள் ரேவதி.

"உன் இன்ஸ்டால இன்னா கீது? அர நிமிசம் ஒருத்தி ஆடறா, அடுத்த அர நிமிசம் இன்னொருத்தி ஆடறா. படிக்க ஒரு வரி கீதா அதுல?" என்பான் அவன்.

என் வீட்டுக்காரர் வைத்திருப்பது பட்டன் போன். "மணி அடிச்சா எடுக்கணும், பேசி முடிச்சா வெக்கணும். இதுக்கு இன்னாத்துக்கு சண்ட?" என்று மோரை ஊற்றிக்கொள்வார்.

நான் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ். காரணம் இருக்கிறது. ஃபேஸ்புக்கில் ஒன்று போட்டால் யாராவது வந்து பேச்சுக் கொடுப்பார்கள், பதில் சொல்லவேண்டும். இன்ஸ்டாவில் முகத்தைக் காட்டவேண்டும். ஸ்டேட்டஸில் இந்தத் தொல்லை இல்லை. நான் பாட்டுக்கு ஒரு கோலத்தைப் போடுவேன், தெரிந்தவர்கள் வந்து பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விடுவார்கள். கீழே ஒரு கண் படம் இருக்கும். அதைத் தொட்டால் யார் யார் பார்த்தார்கள் என்று பேர் வரும். கூச்சக்காரிகளுக்காகவே யாரோ உட்கார்ந்து யோசித்துச் செய்த மாதிரி இருந்தது. காலையில் கோலம், சாயங்காலம் செம்பருத்தி என்று போட்டுப் போட்டு, நானும் ஒரு ஆள்தான் என்ற தைரியம் எனக்கு வந்துவிட்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து ரேவதிக்கு ஒன்பதாம் மாசம். ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு என்று முடிவானது.

"நடவுக்கு ஆள் கிடைச்சதே பெருசு, நான் கயனியை வுட்டு நகர முடியாது" என்றார் வீட்டுக்காரர். "இந்தத் தடவ நீயே போய் சொல்லிட்டு வந்துடு. உள்ளூர்ல ஒம்போது வூடு. பெருநகர் ஊர்ல எங்க அக்கா. அக்காவை மட்டும் தட்டு வெச்சிக் கூப்புடணும், மறந்துடாத."

மறக்கிற விஷயமா அது? எங்கள் குடும்பத்தில் வளைகாப்பு என்றால் அந்த வீட்டில் பிறந்த பெண்தான் முதல் வளையல் போடவேண்டும். பெருநகர் அக்கா, எனக்கு அண்ணி, அவர் போட்டபிறகுதான் பெண்ணைப் பெற்ற தாயே கை வைக்கலாம். அண்ணி இல்லையென்றால் வளைகாப்பு இல்லை.

திங்கள்கிழமை வெயில் அதிகம், போகவில்லை. செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமையாக இருந்தது. புதன்கிழமை பஸ் ஸ்டாப் வரைக்கும் போய், பஸ் வந்ததும் வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். வியாழக்கிழமை காலையில் என் மூளை வேலை செய்தது.

பித்தளைத் தாம்பாளத்தைப் புளி போட்டுத் தேய்த்தேன். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், பழம், பூ, நடுவில் ஒரு டஜன் கண்ணாடி வளையல். வெளிச்சம் பார்த்து வைத்து ஒரு போட்டோ. கீழே எழுதினேன்: "ஞாயிற்றுக்கிழமை எங்கள் ரேவதிக்கு வளைகாப்பு. எல்லாரும் குடும்பத்தோடு வந்துவிடவும். இதையே நேரில் வந்து அழைத்ததாக நினைத்துக்கொள்ளவும்." ஸ்டேட்டஸில் போட்டுவிட்டேன்.

என்ன சாமர்த்தியம் பாருங்கள். தட்டும் வைத்தாயிற்று, அழைத்தும் ஆயிற்று, வாசற்படி தாண்டவில்லை. சாயங்காலம் கண்ணைத் தொட்டுப் பார்த்தால் நூற்றுப் பதினாலு பேர். எட்டாவது பேர் பெருநகர் அண்ணி.

"எல்லார்க்கும் சொல்லிட்டியா?" என்றார் வீட்டுக்காரர்.

"ஆச்சு."

"அக்காவுக்கு?"

"அவங்களுக்குத்தான் மொதல்ல." (எட்டாவது என்றால் கோபித்துக்கொள்வார்.)

மறுநாள் காலையில் ஸ்டேட்டஸைக் காணோம். ஒரு நாள் ஆனதும் அது தானாக மறைந்துவிடும். அப்போதாவது எனக்கு உறைத்திருக்கவேண்டும். எனக்கோ, போன் தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டதே, எவ்வளவு பொறுப்பு என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை எண்பது பேருக்குச் சமைத்திருந்தோம். ஒன்பதரை மணிக்கு பந்தலுக்குள் முதலில் நுழைந்தது, என்னோடு நூறு நாள் வேலைக்கு வருகிற பெண்கள். நாலு பேர் இல்லை, நாற்பது பேர். எல்லோரும் பட்டு. பின்னால் பிளவுஸ் தைக்கிறவள் தன் மாமியாரோடு. டிராக்டர் ஓட்டுகிறவர் குடும்பத்தோடு. எங்களுக்கு சிலிண்டர் போடுகிற ஏழுமலை, ஒரு லோடு இறக்கிவிட்டு வண்டியோடு அப்படியே வந்திருந்தான். அவன் பெண்டாட்டி கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். என் போனில் யார் நம்பரெல்லாம் இருக்கிறது என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

கடைசியாக ஒரு அம்மாள் சிரித்துக்கொண்டே வந்து என் கையைப் பிடித்தாள்.

"தெரியலையா? நான்தான் தென்னேரி சரோஜா. ராங் நம்பர்!"

ஒரு வருஷத்துக்கு முன்னால் தன் தங்கச்சிக்கு என்று நினைத்து எனக்கு மெசேஜ் அனுப்பியவள். அதிலிருந்து அவள் போடுகிற அம்மனை நான் பார்ப்பேன், என் கோலத்தை அவள் பார்ப்பாள். அவ்வளவுதான் பழக்கம். இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள்.

சேகரும் ஃபேஸ்புக்கில் போட்டிருந்தான். முந்நூறு வாழ்த்து. ஒருத்தர் கவிதையே எழுதியிருந்தார். ஆள் ஒருத்தர்கூட வரவில்லை. ரேவதியின் இன்ஸ்டா சிநேகிதிகள் சிவப்பு இதயமாக அனுப்பிக் குவித்திருந்தார்கள். (அதற்குப் பந்தி போட முடியாது.) எல்லாம் சரி, சொந்தக்காரர்களுக்கென்று முன்வரிசையில் போட்ட நாற்காலி மட்டும் அப்படியே காலியாக இருந்தது. ஒன்பது வீட்டில் ஒரு வீடுகூட வரவில்லை. அண்ணியும் வரவில்லை.

மணி பத்தைத் தாண்டியது. பன்னிரண்டுக்கு எமகண்டம். ரேவதி வயிற்றைத் தூக்கிக்கொண்டு மணையில் உட்கார்ந்து, வாசலையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். அவள் அம்மா கண்ணைத் துடைக்க ஆரம்பித்துவிட்டாள். வீட்டுக்காரர் பட்டன் போனை எடுத்தார். அண்ணியின் குரலுக்கு ஸ்பீக்கர் தேவையில்லை, பந்தல் முழுக்கக் கேட்டது.

"அக்கா, எங்க வந்துக்கினு கீறே?"

"எங்க வரணும்?"

"இன்னாக்கா, வளைகாப்புக்கு."

"அப்படியா? யாரு வூட்ல?"

போன் கட்டானது. அவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"ஒம்போது வூட்டுக்கும் நானும் சேகரும் போய்க் கால்ல வுழறோம். பெருநகருக்கு நீ போ."

"நீங்க வந்தா..."

"நான் வந்தா தம்பிக்காக வருவா. காலத்துக்கும் உன்னைச் சொல்லிக்காட்டுவா. நீ கூப்ட்டாத்தான் அது அழைப்பு."

பஸ்ஸுக்கு நேரமில்லை. ஆட்டோ எல்லாம் முகூர்த்தத்துக்குப் போய்விட்டது. ஏழுமலை தலையைச் சொறிந்தான். "ம்மா, நம்ம வண்டி கீது."

தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு சிலிண்டர் வண்டியில் ஏறினேன். "நானும் கூட வரேன், நீங்க தனியா போவாதீங்க" என்று சரோஜாவும் ஏறிக்கொண்டாள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் பின்னால் காலி சிலிண்டர்கள் கோயில் மணி மாதிரி முழங்கின.

அண்ணி வீட்டு வாசலில் வண்டி நின்றது. அண்ணி அரக்குப் பட்டு கட்டி, தலை நிறையப் பூ வைத்து, பக்கத்தில் ஒரு பையோடு உட்கார்ந்திருந்தார். பையிலிருந்து வளையல் டப்பா எட்டிப் பார்த்தது.

"அண்ணி, கெளம்பி..."

"எங்கயும் கெளம்பல. பொம்பளன்னா வூட்டுக்குள்ள பட்டு கட்டக் கூடாதா?" என்றார். பிறகு ஆரம்பித்தார். "ஏன்டி கோயிந்தம்மா, உன் தட்டு என் கண்ணு முன்னாடி எத்தினி நேரம் நின்னுச்சு தெரியுமா? குங்குமத்துக்குக் கை நீட்டறதுக்குள்ள ஓடிப்போயி, பால் சொசைட்டிக்காரன் ஸ்டேட்டஸ்ல போட்ட மாடு வந்துடுச்சு. சரி, நாளைக்கு நேர்ல வருவான்னு பாத்தா, வெள்ளிக்கெயம காலைல அந்தத் தட்டையும் காணோம். கூப்ட்டுட்டு நீ வாபஸ் வாங்கிக்கினேன்னு நெனச்சேன்."

நான் தட்டில் இருந்த வெற்றிலையை நேராக்கினேன்.

"இது யாரு?" என்று சரோஜாவைப் பார்த்தார்.

"ராங் நம்பர் அண்ணி."

"ராங் நம்பருக்கு யாரு சொன்னது?"

"அவங்களும் ஸ்டேட்டஸ் பாத்துதான்..."

"அப்போ நானும் ராங் நம்பரும் உனக்கு ஒண்ணா?"

சரோஜா சட்டென்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. இதற்கு மேல் கெட்டுப்போக ஒன்றுமில்லை என்று நான் நினைத்தபோது, ஏழுமலை பழக்கதோஷத்தில் இரண்டு தடவை ஹாரன் அடித்தான்.

அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமையில் கேஸ் வந்துவிட்டதென்று அந்தத் தெருவே கதவைத் திறந்தது. ஒருத்தி சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தாள், ஒருத்தி ஈரத் தலையோடு கேஸ் புக்கை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். பதினைந்து இருபது பெண்கள் வண்டியைச் சுற்றி நின்று, தாம்பாளமும் கையுமாக நிற்கிற என்னைப் பார்த்தார்கள். நான் பிறந்ததிலிருந்து எதற்குப் பயந்தேனோ அது மொத்தமும் ஒரே தெருவில் கூடியிருந்தது.

"சொல்லுடி" என்றார் அண்ணி. "போன்ல எழுதினதை வாயால சொல்லு. இவங்களும் கேக்கட்டும்."

ரேவதி மணையில் உட்கார்ந்திருந்தது கண்ணுக்குள் வந்தது. எங்கிருந்து அந்தக் குரல் வந்ததென்று தெரியாது. தட்டை இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டு கத்தினேன்.

"அண்ணி! நம்ம வூட்டுப் புள்ளைக்கு வளைகாப்பு! நீங்க வந்து மொத வளையல் போட்டாத்தான் எங்க வூட்ல வெளக்கு எரியும்! நான் பயந்தாங்கொள்ளி, அதான் வரல! மனசுல வெச்சிக்காம வாங்க! மாமாவையும் கூட்டிக்கினு வாங்க! நீங்களும் வாங்க! எல்லாரும் வாங்க! புக்கு வெச்சிருக்கிற அக்கா, நீங்களும் வாங்க!"

அண்ணி எழுந்து வந்து குங்குமத்தைத் தொட்டு வைத்துக்கொண்டார்.

"போதும்டி, வாயை மூடு. எத்தினி பேருக்குச் சமைச்சிக்கீறே?"

முன் சீட்டில் அண்ணி உட்கார்ந்தார். அது மரியாதை. நானும் சரோஜாவும் பின்னால், ஆளுக்கு இரண்டு சிலிண்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தோம். (அந்தப் புடவையில் ஏறிய துரு இன்றைக்கும் போகவில்லை.)

பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அண்ணி முதல் வளையலைப் போட்டார். ரேவதி ஓவென்று அழுதுவிட்டு உடனே பசிக்கிறது என்றாள். முன்வரிசை நிரம்பியிருந்தது. சாப்பாடு என்ன ஆயிற்றோ என்று பின்பக்கம் ஓடினால், நூறு நாள் வேலைக்காரப் பெண்கள் பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இரண்டாவது அண்டா அரிசியை வடித்துக்கொண்டிருந்தார்கள். வாய்ச்சொல் இல்லாமல் வந்தவர்கள் அவர்கள்தான். ஒரு கோபம் இல்லை, ஒரு கேள்வி இல்லை. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் கூச்சமாக இருக்கிறது, இது நல்ல கூச்சம்.

நான் கத்தியதை சரோஜா போனில் பிடித்துவைத்திருந்தாள். எப்போது வாயை மூடியிருந்த முந்தானையை எடுத்தாள், எப்போது போனை எடுத்தாள் என்று தெரியாது. ரேவதி அதை இன்ஸ்டாவில் போட்டாள். "பாட்டி வேற லெவல்" என்று யார் யாரோ எழுதினார்கள். சேகர் ஃபேஸ்புக்கில் போட்டு, கீழே உறவுமுறையைப் பற்றி எட்டுப் பத்தி எழுதினான். அதைப் படித்து நாலு பெரியவர்கள் ஒருவரோடு ஒருவர் சண்டை போட்டுக்கொண்டார்கள். நான் எங்கேயும் போடவில்லை. நான் கோலத்தோடு நிறுத்திக்கொண்டேன். அழைப்பு என்றால் இப்போது கால் நடைதான். எங்கள் சொந்தத்தில் எந்த வீட்டு விசேஷமானாலும் முன்னால் நடக்கிறவள் நான். என் வீட்டுக்காரர் பின்னால் தட்டைப் பிடித்துக்கொண்டு வருகிறார். அவருக்குச் சிரிக்கத்தான் இன்னும் சரியாக வரவில்லை.

பெருநகரில் அண்ணி தெருவுக்கு மட்டும் என்னால் போகமுடியவில்லை. அங்கே இன்றைக்கும் சிலிண்டர் வண்டி வந்து ஹாரன் அடித்தால், ஒருத்தியும் உடனே வெளியே வருவதில்லையாம். உள்ளே இருந்தபடியே யாராவது ஒருத்தி குரல் கொடுப்பாளாம்:

"சிலிண்டரா, வளைகாப்பா?"