சொன்ன பலூனைச் சுடாதவர்

கொச்சிக் கடற்கரையில் துப்பாக்கி பிடித்தவர்களிலேயே குறி தவறுவதில் என் அத்தாவை மிஞ்ச ஆளில்லை. மற்றவர்கள் கண்டபடி தவறுவார்கள். அத்தா ஒழுங்காகத் தவறுவார்: ஒவ்வொரு முறையும் இடப்பக்கம், சரியாக ஒரு சாண். அந்த ஒரு சாணில் எங்கள் வீட்டுச் சோறே தொங்கிக்கொண்டிருந்தது. இப்போது அத்தாவும் இல்லை, அவருடைய முதலாளியும் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

மட்டாஞ்சேரியில் அவருடைய சொந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. ‘கொண்டில்லா’ என்றால் வீடு வரை கொண்டுவந்து விடுவார்கள். மலையாளத்தில் ‘படவில்லை’ என்று அர்த்தம். தென்காசியிலிருந்து வந்த மாமா அதை ஊர்ப்பெயர் என்று நினைத்து, அங்கே போக எந்த பஸ் என்று விசாரித்தார்.

அந்தப் பெயரைச் சம்பாதித்தது அத்தாவேதான். ஞாயிறு சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் என்னைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்கு நடப்பார். அங்கே பலூன் சேட்டன் ஒரு பலகையில் வரிசையாகப் பலூன் கட்டி, பன்னிரண்டடி தள்ளி ஏர்கன்னுடன் நிற்பார். யார் எதைச் சுட்டாலும் அவருக்குச் சம்மதம். அத்தாவோ எதைச் சுடப்போகிறேன் என்று முதலில் உரக்க அறிவிப்பார். சிவப்பு என்பார். இடப்பக்கத்து மஞ்சள் வெடிக்கும்.

“கொண்டு, கொண்டு” என்பார் சேட்டன், பட்டுவிட்டது என்று.

“நான் சொன்னது செவப்பு, சேட்டா. கொண்டில்லா.”

“பலூன் பொட்டியில்லே ராவுத்தரே? பின்னெ எந்தா?”

“பொட்டினது செவப்பு இல்லையே.”

இந்த வழக்கைக் கேட்கவே கூட்டம் சேரும். சேட்டனுக்கு வியாபாரம் என்பதால் அவரும் விடாமல் வாதாடுவார்.

கவணிலும் இதே கதைதான். ஒருநாள் கொல்லைப்புற மாமரத்தில் ஒரு மாங்காயை எனக்குச் சுட்டிக்காட்டிவிட்டு அடித்தார். பக்கத்து வீட்டு ஓடு உடைந்தது. வீட்டுக்காரர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். அத்தா கதவைத் தட்டி அவரை எழுப்பி, ஓடு உடைந்த செய்தியைச் சொல்லி, மாங்காய்க்குப் படவில்லை என்பதையும் வருத்தத்துடன் தெரிவித்தார்.

எனக்கு அப்போது பத்து வயது. ஆறு ஞாயிறுகளாக ஒவ்வொரு குண்டும் எங்கே போனதென்று குறித்துவைத்திருந்தேன். எல்லாம் இடப்பக்கமே போகிறதென்றால் குழல் கோணல் என்று முடிவு கட்டி, சேட்டனிடம் புகார் செய்தேன். அவர் அதே துப்பாக்கியை வாங்கி, பீடியை வாயிலிருந்து எடுக்காமலே சிவப்பை உடைத்துக் காட்டினார்.

அதற்குப் பிறகு பலூனை விட்டுவிட்டு, சுடுகிறவர்களைக் கவனித்தேன். அன்று திரும்பும் வழியில் கடல் ஓரத்துக் கல்லில் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தபோது கேட்டேன்.

“எல்லாரும் ஒரு கண்ண மூடித்தான் சுடுறாங்க. நீங்க ஏன் அத்தா மூடல?”

அவர் கடலைத்தோலை ஊதினார். “ஒண்ணு ஏற்கெனவே மூடித்தான் மோளே இருக்கு.”

வலது கண்ணில் வெளிச்சம் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. அம்மாவுக்கு மட்டும் தெரியும். அத்தாவுக்கு மிளகுக் கிடங்கில் தரம் பார்க்கிற வேலை. ஒரு கை மிளகை அள்ளிப் பார்த்து, பதரான சண்டு எவ்வளவு, முற்றிய மணி எவ்வளவு என்று சொல்லவேண்டும். ஒரு கண்ணாலேயே அதைப் பிழையில்லாமல் சொல்லிவந்தார். ஆனால் தெரிந்தால் முதலாளி வேறு ஆள் பார்த்துவிடுவார். துப்பாக்கியை வலது தோளில் வைத்து இடது கண்ணால் குறிபார்த்ததால்தான் குண்டு இடப்பக்கம் போனது. இடது தோளுக்கு மாற்றினால் குறி சரியாகிவிடும்; ஏன் மாற்றினாய் என்று நாலு பேர் கேட்பார்கள். கேட்டால் இவருக்குப் பொய் சொல்ல வராது. இதுவரை யாரும் கேட்கவில்லை, அதனால் தானும் மறைக்கவில்லை என்பது அவர் கட்சி.

மஞ்சள் என்று சொல்லிவிட்டுச் சிவப்பைப் பாருங்கள் என்று யோசனை சொன்னேன்.

“பாக்குறது ஒண்ணு, சொல்றது ஒண்ணா? அது கள்ளம்” என்று எழுந்துவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து முதலாளி பிள்ளைகளோடு கடற்கரைக்கு வந்தார். கூட்டத்தில் கிடங்கின் கொண்டில்லாவைப் பார்த்ததும் உற்சாகமாகி முன்னால் வந்து நின்றார். அத்தா சிவப்பு என்றார். மஞ்சள் வெடித்தது. முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சிரிப்பு மெல்ல நின்றது. அத்தாவின் முகத்தையே பார்த்தார்.

“அல்ல ராவுத்தரே, கண்ணினு வல்லதும்...”

கண்ணுக்கு ஏதாவது கோளாறா என்கிற அந்தக் கேள்வி முடிந்தால் பதில் வந்துவிடும். நான் குறுக்கே புகுந்தேன்.

“இந்தத் தடவ நான்தான் சொல்லுவேன். அத்தா, நீலம்.”

நீலத்துக்கு வலப்பக்கம், ஒரு சாண் தள்ளி, பச்சை இருந்தது. அத்தா என்னை ஒரு நிமிடம் பார்த்தார். வாயைத் திறக்கவில்லை. துப்பாக்கியை எடுத்தார். நீலம் வெடித்தது.

“கொண்டு” என்றார் சேட்டன். வாதாட ஆளில்லாததால் அவருக்கே சப்பென்று போயிருக்கும்.

முதலாளி அத்தாவின் தோளில் தட்டினார். சின்னப் பிள்ளை ஐஸ்கிரீமுக்கு அழுதது. கேட்கவந்ததை அப்படியே விட்டுவிட்டுப் போனார்.

கரையோரத்து மீன்பிடிச் சீனவலைகளைத் தாண்டி நடந்தோம். “நான் பாத்தது பச்ச, மோளே” என்றார் அத்தா.

“நீங்க எதுவும் சொல்லலையே அத்தா. நீலம்னு சொன்னது நான்.”

அவர் அதை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தபடி நடந்தார். “அப்பக் கள்ளம் இல்ல” என்றார்.

பெரிய சாலை வந்தது. எப்போதும் அவருடைய இடக்கையைப் பிடித்து நடக்கிற நான், சுற்றிக்கொண்டு வலப்பக்கம் போனேன். அவர் ஏனென்று கேட்கவில்லை. கையை மட்டும் நீட்டினார். அதன்பின் இருபத்திரண்டு வருடம், அந்தப் பக்கத்திலிருந்து என்ன வண்டி வருகிறதென்று நான்தான் அவருக்குச் சொன்னேன்.