பதினேழாம் எண் முதலை பேசிய பேச்சு

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்தோடு எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம். வீட்டுக்காரியின் தையல் மெஷினும் என் முழங்காலும் மட்டும் அவ்வப்போது சத்தம் போடுகின்றன. இரண்டுக்கும் ஒரே எண்ணெயைப் போட்டால் என்ன என்று அவள் கேட்கிறாள். மாமாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று அறிந்து நிம்மதி. அடுத்த மாதம் பத்து நாள் எங்களோடு தங்க வருவதாக எழுதியிருந்தீர்கள். ரொம்ப சந்தோஷம். அதற்கு முன்னால் ஒரு விஷயத்தை நானே சொல்லிவிடுவது நல்லது. வேறு யாராவது சொல்லி, அதற்குக் கை கால் முளைத்து உங்கள் காதுக்கு வருவதைவிட இது மேல். ஆனால் அதை முதலிலேயே சொன்னால் மீதிக் கடிதத்தை நீங்கள் படிக்கமாட்டீர்கள். அதனால் வரிசையாகச் சொல்கிறேன்.

எங்கள் அருங்காட்சியகத்தை நீங்கள் ஒரு தடவை பார்த்திருக்கிறீர்கள். பார்த்துவிட்டு, "ஃபேன் நல்லா சுத்துது" என்று சொன்னீர்கள். மொத்தம் இரண்டு ஹால், ஒரு கிடங்கு, நாற்பத்தொரு பொருள்கள். ஒவ்வொன்றின் கீழும் இருக்கும் அட்டையை எழுதுவது இருபத்தாறு வருடமாக என் வேலை. தெரிந்ததை மட்டும் எழுதுவேன். தெரியாததைத் தெரியாது என்றே எழுதுவேன். அதனால் பாதி அட்டைகளில் 'காலம்: தெரியவில்லை. பயன்: தெரியவில்லை' என்று இருக்கும். போன மழைக்காலத்தில் ஒரு மாதம் முழுக்கப் பதினோரு பேர் வந்தார்கள். அதில் நாலு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். இப்படியே போனால் பின் ஹாலை ஓட்டுநர் உரிமம் வழங்கும் அலுவலகத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று நகராட்சியிலிருந்து கடிதம் வந்தது. அதைப் படித்துவிட்டு எங்கள் புது இயக்குநர் அம்மா என்னைக் கூப்பிட்டார். "உங்க அட்டையெல்லாம் படிச்சேன் சார். படிச்ச பிறகு அந்தப் பொருளைப் பாக்கணும்னே தோணலை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. டாக்டர் ரிப்போர்ட்டைப் படிப்பதுபோலச் சொன்னார்.

மறுவாரமே கணினி வேலை தெரிந்த ஒருவரை அழைத்து வந்தார். அவருடைய தாடி முதலில் அறைக்குள் வரும், அவர் கொஞ்சம் கழித்து வருவார். அதனால் எல்லோரும் அவரைத் தாடி என்றே கூப்பிடுகிறோம், அவரும் திரும்பிப் பார்க்கிறார். திட்டம் இதுதான்: ஒவ்வொரு பொருளுக்குப் பக்கத்திலும் புள்ளி புள்ளியாக ஒரு கியூஆர் சதுரம் ஒட்டப்படும், வருகிறவர் அதைத் தன் போனில் காட்டினால் அந்தப் பொருளைப் பற்றி ஒரு குரல் பேசும், அதே குரலை வீட்டிலிருந்தபடி எந்த ஊர்க்காரரும் கேட்கலாம். குரல் யாருடையது என்ற கேள்வி வந்தபோது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் ஆசை இருந்தது, மறைப்பானேன். சத்தமில்லாத இடம் கிடங்குதான் என்பதால் அங்கே உட்கார்ந்து, தாடி கொடுத்த ஒலிப்பதிவுக் கருவியை மேஜையில் வைத்து, ஒரு பக்கம் பொருள்களைத் துடைத்துக்கொண்டே இன்னொரு பக்கம் ஒவ்வொன்றாகப் படித்தேன். பதினேழாம் எண் முதலை. பாடம் பண்ணிய முதலை, உங்களுக்கு நினைவிருக்கும், பார்த்ததும் நீங்கள் புடவையை ஒதுக்கிக்கொண்டு நடந்தீர்கள். 'இது ஒரு முதலை. நீளம் பதினோரு அடி' என்று படித்துக்கொண்டிருக்கும்போது வீட்டுக்காரி போன் பண்ணினாள். கையில் கையுறை. முழங்கையால் போனை அமுக்கினேன். அது ஸ்பீக்கரில் போய்விட்டது. பேசி முடித்து, விட்ட இடத்திலிருந்து 'பற்கள் அறுபத்தாறு' என்று தொடர்ந்தேன். நடுவில் இருப்பதைத் தாடி வெட்டிவிடுவார் என்று நினைத்தேன். "நீங்க பேசினதை நான் எதுக்கு சார் உக்காந்து கேக்கணும், உங்க மேல நம்பிக்கைதான்" என்று பிற்பாடு அவர் சொன்னார்.

இரண்டு வாரம் கழித்துத் தாடி தன் கணினியில் ஒரு கோடு காட்டினார். மற்றப் பொருள்களுக்கு முன்னால் சனங்கள் ஒன்பது வினாடி நிற்கிறார்கள். முதலைக்கு முன்னால் ஆறு நிமிடம். சிலர் இரண்டு தடவை கேட்கிறார்கள். கேட்டவர்கள் மறுநாள் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. முதலைக்கு நான் எழுதிய எட்டு வரியைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது, பற்களைப் பற்றிய இடம் குறிப்பாக. அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரியை நல்ல புடவை கட்டச் சொல்லி அழைத்துக்கொண்டு போனேன்.

முதலையைச் சுற்றிப் பன்னிரண்டு பேர் நின்றிருந்தார்கள். அவள் தன் போனைக் காட்டிக் காதில் வைத்தாள். நான் பக்கத்தில் அடக்கமாக நின்றேன். கொஞ்ச நேரத்தில் அவள் முகம் மாறியது. போனை மெல்ல என் காதில் வைத்தாள். அதில் அவள் குரல்: போன தடவை அண்ணி, அதாவது நீங்கள், வந்துவிட்டுப் போனபிறகு உப்பு டப்பாவைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆனது, துணிமணி அலமாரியில் கரண்டி இருந்தது. இங்கேதான் அக்கா, நான் சொல்லவந்த விஷயம். அதற்கு மேலே இன்னொரு வாக்கியம் வருகிறது. 'அக்கா வந்தா நம்ம வீட்டுலயே நாம விருந்தாளி மாதிரி ஒடுங்கி உக்காரணும்' என்று. வீட்டுக்காரி ஏதோ அவசரத்தில் வாய் தவறிச் சொல்லிவிட்டாள். மனதில் ஒன்றும் கிடையாது. நான் உடனே கண்டித்தேன். அது பதிவில் சரியாக விழவில்லை.

பக்கத்தில் காதில் போனோடு நின்ற ஒரு அம்மா எங்களைப் பார்த்துச் சிரித்து, "எங்க வீட்டுலயும் இதே கதைதாங்க. அந்தப் பொண்ணு சொல்றது நூத்துக்கு நூறு சரி" என்றார். வீட்டுக்காரி, "அப்படியா" என்று மட்டும் சொன்னாள். எனக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம்போல இருந்தது. அவளோ தரையில் உட்கார்ந்துவிட்டாள். மயக்கம் என்று நினைத்துத் தண்ணீர் கேட்டேன். மயக்கமில்லை. குனிந்து முதலையின் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, இதை ரெண்டு பேர் தைச்சிருக்காங்க" என்றாள்.

"எதை?"

"இந்த முதலையை. தலைப்பக்கம் பாருங்க, தையல் ஒரே அளவு. நல்ல கை. வால் பக்கம் வரும்போது வேற கை, அவசர அவசரமா இழுத்திருக்கு. முதல் ஆளுக்கு உடம்பு சரியில்லாமப் போயிருக்கும், இல்ல சண்டை போட்டுக்கிட்டுப் போயிருப்பாங்க."

பன்னிரண்டு பேரும் குனிந்தார்கள். இருபத்தாறு வருடம் நான் அந்த வயிற்றை ஒருநாள்கூடப் பார்த்ததில்லை அக்கா. பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த இயக்குநர் அம்மா வீட்டுக்காரியின் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டு, "இதையே அப்படியே போன்ல சொல்லுவீங்களா?" என்றார்.

அதிலிருந்துதான் அடுத்த ஏற்பாடு வந்தது. ஒவ்வொரு சதுரத்துக்குக் கீழும் தாடி ஒரு பொத்தானைச் சேர்த்தார். போனில் அதை அமுக்கி, அந்தப் பொருளைப் பற்றித் தனக்குத் தெரிந்ததை யார் வேண்டுமானாலும் பேசி அனுப்பலாம். வருவதையெல்லாம் கேட்டுப் பார்த்துப் பொறுக்கி எடுப்பது என் வேலை ஆயிற்று. முதல் வாரம் ஒருவர் தன் தெருவில் குழாய் உடைந்து நாலு நாளாகிறது என்று பழைய விளக்கிடம் முறையிட்டிருந்தார். ஒருவர் சோபா விற்பனைக்கு என்றார். இன்னொருவர், 'நான் வாசல்ல நிக்கிறேன், நீ பாத்துட்டு மெதுவா வா' என்று தன் மனைவிக்குச் சொல்லியிருந்தார், அவர் எத்தனை நேரம் நின்றாரோ தெரியாது. இதற்காகவா இத்தனை படிப்புப் படித்தேன் என்று நொந்துகொண்டிருந்த சமயத்தில் இருபத்துமூன்றாம் எண்ணுக்கு ஒரு குரல் வந்தது. 'உலோகத் தராசு. பயன்: தெரியவில்லை' என்று நான் எழுதியிருந்த பொருள்.

"இது தெரியலையா உங்களுக்கு?" என்று ஆரம்பித்தது அந்தக் குரல். வயதான பெண் குரல், ஆனால் கணீரென்று இருந்தது. "இது நம்ம பிரசவ ஆஸ்பத்திரித் தராசு. நான் முப்பத்திரண்டு வருஷம் அங்க நர்ஸ். இந்தத் தட்டுல துணி விரிச்சுப் பிள்ளைய வைப்போம். சில்லுனு இருக்கும்னு நான் முதல்ல என் உள்ளங்கையை வச்சுச் சூடு பண்ணுவேன். ஒண்ணு சொல்லணும். அது அம்பது கிராம் குறைச்சுக் காட்டும். எழுதிப் போட்டோம், யாரும் வந்து சரி பண்ணலை. பிள்ளை எடை குறைஞ்சிருக்குனு அழுத தாய்ங்ககிட்ட எல்லாம், பயப்படாதீங்க, தராசுதான் நோஞ்சான்னு சொல்லுவேன்."

அதைக் கேட்டுவிட்டு அது யார் என்று விசாரித்தேன். அந்த அம்மாவின் வீடு எங்கள் அலுவலகத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. தினமும் அந்த வாசலைத் தாண்டித்தான் 'தெரியவில்லை' என்று எழுதப் போயிருக்கிறேன்.

அந்தக் குரலைத் தராசின் சதுரத்தில் சேர்த்த பிறகு ஊர் திரண்டு வந்தது. கண்ணாடி போட்டவர்கள், நரைத்தவர்கள், எல்லோரும் கையில் அந்த ஆஸ்பத்திரி கொடுத்த பிறந்த எடைச் சீட்டோடு. ஒரு லாரி ஓட்டுநர், கதவுக்குள் ஒருக்களித்து நுழைகிற உடம்பு, சீட்டைக் காட்டி, "நாப்பது வருஷமா எங்கம்மா என்னை நோஞ்சானாப் பொறந்தவன்னு சொல்லி ஊட்டி ஊட்டியே இப்படி ஆக்கிடுச்சு சார். இதை எழுதிக் குடுங்க" என்றார். அம்பது கிராமைக் கூட்டி, அலுவலக முத்திரையோடு எழுதிக்கொடுத்தேன். தட்டில் உட்கார்ந்து போட்டோ எடுக்க வேண்டும் என்று அவர் கேட்டதை மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

உரிம அலுவலகத்துக்காகப் பின் ஹாலை அளக்க நகராட்சி அதிகாரி வந்தது அந்தக் கூட்டத்துக்கு நடுவில்தான். அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார். மறுமுனையோடு நடந்து போனவர் தராசுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார். யாரோ போனில் நர்ஸ் அம்மாவின் பேச்சைச் சத்தமாக வைத்திருந்தார்கள். அவர் முழுவதையும் கேட்டார். "அம்பது கிராமா?" என்று என்னைக் கேட்டார். ஆமாம் என்றேன். ஓரமாகப் போய் யாருக்கோ போன் பண்ணி, "அம்மா, நான் எத்தனை கிலோ இருந்தேன்?" என்று கேட்டது எனக்குக் கேட்டது. நாடாவைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். போன வாரம் கடிதம் வந்தது. இரண்டு வருடத்துக்கு ஹாலில் யாரும் கைவைக்கமாட்டார்கள், அதன்பிறகு பார்க்கலாமாம். எனக்கு ஓய்வு பெற இரண்டு வருடம்தான் இருக்கிறது.

தராசின் அட்டையை மாற்றி எழுதிவிட்டேன். நர்ஸ் அம்மா செவ்வாய்க்கிழமைகளில் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்து, யார் யார் பிறந்தபோது எப்படி அழுதார்கள் என்று சொல்கிறார். தாடி சாப்பிடும்போது நான் ஒதுக்கிவைத்த குழாய், சோபாப் பதிவுகளைக் கேட்டுச் சிரிக்கிறார். வீட்டுக்காரி பின் ஹாலில் இருக்கும் பழைய சீருடைகளின் தையலை எல்லாம் படித்துக்கொண்டிருக்கிறாள். அந்த உப்பு டப்பாப் பேச்சை அன்றைக்கே அழித்துவிட்டோம். இனி அதை யாரும் கேட்க முடியாது. ஆகவே நீங்கள் எதையும் மனதில் வைத்துக்கொள்ளாமல், சொன்ன தேதியில் சொன்னபடி வரவேண்டும். சமையலறை உங்களுடையது. மாமாவுக்கு என் வணக்கம், கண்ணில் சொட்டு மருந்தை மறக்காமல் விடச் சொல்லுங்கள். உங்கள் ஆசி எங்களுக்கு எப்போதும் இருக்கட்டும்.

உங்கள் அன்புத் தம்பி

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடும்போது வீட்டுக்காரி வாங்கிப் படித்துவிட்டாள். "அண்ணிகிட்ட போன் இருக்கு. ஒரு நிமிஷத்துல கேட்டுடுவாங்க. உண்மையை எழுதுங்க" என்று பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள். அந்தப் பதிவு அழிக்கப்படவில்லை அக்கா. வருகிறவர்கள் கேட்பதால் இயக்குநர் அம்மா சம்மதிக்கவில்லை. உப்பு டப்பா அவள் சொன்னது, அது உண்மை. விருந்தாளி என்று சொன்னது நான். நான் யாரையும் கண்டிக்கவும் இல்லை. அதற்கு அவள்தான் சொன்னாள், தெளிவாகவே பதிவாகியிருக்கிறது: "சொல்லாதீங்க அப்படி. அண்ணி வந்து டப்பாவை உருட்டினாத்தான் இந்த வீட்டுல ரெண்டு பேருக்கு மேல இருக்காங்கன்னு தெரியுது. பத்து நாள் எதுக்கு, ஒரு மாசம் இருக்கச் சொல்லுங்க." அதற்கு அப்புறம் நான் பற்களைப் பற்றிப் படிக்கப் போய்விட்டேன். இப்போது சொல்கிறேன். ஒரு மாதம் இருங்கள்.