ராமலட்சுமி மதினியின் தங்கப் பாவு

மெக்கானிக் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவனை உறவுக்காரர் வீட்டுக்குள் விடக் கூடாது. ஒழுங்காக ஓடுகிற கடிகாரத்தைக்கூடக் கழற்றிப் பார்ப்பான். நான் நூல் மில்லில் ஃபிட்டராகச் சேர்ந்த புதிதில் என்னை யாரும் தடுக்கவில்லை.

அருப்புக்கோட்டையில் என் அக்கா கணவர் நகைப் பட்டறை வைத்திருந்தார். வீட்டின் முன்னறைதான் பட்டறை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பாலிஷ் மோட்டார் ஒன்று வாங்கினார். சுற்றுகிற சக்கரத்தில் சிவப்பு மெழுகைத் தடவி நகையைக் காட்டினால் மினுக்கு வரும். கூடவே செந்தூசியும் வரும். மினுக்கு நகையோடு போய்விடும், தூசி மச்சானோடு தங்கிவிடும். ஜன்னலைத் திறக்க முடியாது, ஃபேன் போட முடியாது. தூசியில் தங்கம் இருக்கிறது, பறந்துவிடும். (நம் ஊர் வெயிலில் ஃபேன் இல்லாத அறை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.)

மச்சானுக்கு இருமல் பிடித்தது. மதுரை டாக்டர் நெஞ்சுப் படத்தைப் பார்த்துவிட்டு, தூசியை நிறுத்தாவிட்டால் தொழிலை நிறுத்த வேண்டிவரும் என்றார். அக்கா என்னைக் கூப்பிட்டுவிட்டாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"மில்லுல பஞ்சுத் தூசிய உறிஞ்சி எடுக்குறாகளாமே தம்பி. அத இங்க செய்ய முடியாதா?"

யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கலாம். "இது ஒரு வேலையாக்கா" என்றேன்.

சக்கரத்துக்கு மேல் தகரக் கூண்டு வைத்து, அதிலிருந்து ஒரு குழாயைச் சுவர் வழியாகத் தெருப்பக்கம் விட்டேன். நடுவில் உறிஞ்சுகிற சின்ன ஃபேன். வெளியே குழாய் வாயில் ஒரு துணிப்பை. காற்று போய்விடும், தங்கத்தூசி பையில் நிற்கும். பை, அக்காவின் பழைய உள்பாவாடை. கீழ்ப்பக்கத்தைத் தைத்து, மேலே நாடாவை இழுத்துக் குழாயில் கட்டிவிட்டேன்.

நம்பினால் நம்புங்கள், அது வேலை செய்தது. ஒரு வாரத்தில் மச்சான் இருமாமல் தூங்கினார். அக்கா எனக்குக் கோழி அடித்தாள். அத்தோடு நான் ஊருக்குப் போயிருக்க வேண்டும்.

ஆனால் பக்கத்துப் பட்டறைக்காரர்கள் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். அத்தனை பேர் முன்னால் சின்ன ஃபேனைக் காட்ட எனக்குக் கூச்சமாக இருந்தது. பழைய பஞ்சாலையிலிருந்து கழற்றிப் போட்ட பஞ்சுத் தூசி உறிஞ்சும் பெரிய மெஷின் ஒன்றைச் சொல்லிவைத்து வாங்கி மாட்டினேன்.

"மாப்ள, இது கொஞ்சம் பெருசா தெரியுதே" என்றார் மச்சான்.

"பெருசா இருந்தா நல்லா உறிஞ்சும் மச்சான்."

சுவிட்சைப் போட்டேன். நல்லாத்தான் உறிஞ்சியது. முதலில் மேஜையில் இருந்த பீடிக்கட்டு போனது. அடுத்து மச்சானின் துண்டின் ஒரு முனை உள்ளே போக, மறுமுனையை அவர் பிடித்துக்கொண்டார். வெளியே பாவாடை ஆள் புகுந்ததுபோல் உப்பி நின்றது. பிறகு நாடா அறுந்தது.

வெளியே எதிர்வீட்டு ராமலட்சுமி மதினி, தறியில் ஏற்றுவதற்கு முன், வேட்டிக்கான நீளவாட்டு நூலான பாவைத் தெரு நீளத்துக்கு விரித்துக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார். தும்பைப்பூ மாதிரி வெள்ளை நூல், ஈரம் காயவில்லை. ஒரு வாரத்துச் செந்தூசி மொத்தமும் அதன்மேல் இறங்கியது. கடைசியாகப் பாவாடையும் வந்து நடுப்பாவில் படுத்தது.

மதினி கத்தவில்லை. பாவாடையை எடுத்து மடித்து அக்காவிடம் கொடுத்தார்.

"பாவு நூல நாசம் பண்ணிட்டீகளேப்பா. அலசுனாக் கஞ்சி போயிரும், நூலு சிக்காயிரும்."

மச்சான் பாவு நூலையே பார்த்துக்கொண்டிருந்தார். "மதினி, அதுல தங்கம் இருக்கு. உதறிராதீக."

"அப்படியா?" மதினி பாவின் அருகில் போய் நின்றுகொண்டார். "அப்ப ஒருத்தரும் கிட்ட வராதீக."

வந்திருந்த பட்டறைக்காரர்கள் பஞ்சாயத்துக்கு உட்கார்ந்தார்கள். பாவை எரித்துத்தான் தங்கம் எடுக்க வேண்டும் என்றார் ஒருவர். கையால் பாடுபட்டுப் போட்ட பாவை எரிக்க விடமாட்டேன் என்றார் மதினி. கடைசியில், மதினி அதை அப்படியே நெய்வது, எந்தக் கடையும் வாங்காத அந்தப் புள்ளி வேட்டிகளை எல்லாம் மச்சான் காசு கொடுத்து எடுத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

அவமானத்தில் சுவரோரம் நின்றபோதுதான் கவனித்தேன். காய்ந்த சுவரில் ஒரு பொட்டுத் தூசி ஒட்டவில்லை. ஈரப் பாவு ஒன்றையும் விடவில்லை. மறுநாள் பெரிய மெஷினைக் கழற்றினேன். பழைய சின்ன ஃபேனையே வைத்து, குழாய் வாயில் ஒரு பெட்டி அடித்து, உள்ளே ஈரச் சாக்குகளைத் தொங்கவிட்டேன். தூசி சாக்கில் நின்றது. சாக்கை எரித்தபோது மச்சானுக்குத் தங்கமும் கிடைத்தது. இருமல் மெல்ல விட்டது. இன்றைக்கும் பட்டறையில் உட்காருகிறார்.

வேட்டிகளை எரிக்க மட்டும் அவருக்கு மனசு வரவில்லை. நல்ல நெசவு. எங்கள் குடும்பத்து ஆண்கள் எல்லோரும் வருஷக்கணக்கில் துருப்பிடித்த மாதிரி வேட்டி கட்டித் திரிந்தோம். நரிக்குடியில் என் கல்யாணத்துக்கு மறுநாள் விருந்திலும் மச்சான் அதைத்தான் கட்டச் சொன்னார். மாமனார் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளைக்கு வேற வேட்டி இல்லீகளா?" என்று கேட்டார்.

"அது தங்கம்ங்க" என்றார் மச்சான், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

அதைக் கேட்டுக்கொண்டிருந்தவள் என் மனைவி. கல்யாண வீடுகளில் யாராவது அவள் கழுத்தைப் பார்த்து, "ஒங்க வீட்டுக்காரரு தங்கம் ஒண்ணும் எடுத்துத் தரலையா?" என்று கேட்டால் இப்போதும் அமைதியாகச் சொல்வாள்:

"எடுத்தாக. அவுகளே கட்டிக்கிட்டாக."